டைப் பண்ணாத விரல்கள்

ஆனந்தகுமார் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டையில் அடி. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த யுபிஎஸ் பெட்டி. கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது...

திருவேங்கடம் சாலையில், உரக்கடை மாடியில் இருந்த அவனுடைய அலுவலகம் அது.

"என்ன வேலைம்மா பார்த்தாரு?" எஸ்.ஐ. சண்முகசுந்தரி கேட்டாள்.

மனைவி கோகிலா விம்மலை அடக்கினாள். "கடைக்காரங்க சாட்ல மிஷினே பதில் சொல்லுதுல்லா மேடம்... அந்த சாட்பாட் செய்யுததுக்கு ஒரு லைப்ரரி எழுதி வச்சிருந்தாக. புரோகிராம் தொகுப்பு. ஓப்பன் சோர்ஸ். யாரும் ஓசியில எடுத்துக்கலாம்."

"ஓசியில குடுத்தவர எவன் அடிப்பான்?"

"பார்ட்னர் இசக்கிராஜாவுக்குப் பிடிக்கல. கம்பெனிக்கு வித்துருவோம்னு தினமும் சண்டை."

மதியமே இசக்கிராஜா ஸ்டேஷனுக்கு வந்தான். தன் போனை மேஜைமேல் வைத்தான். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"காலையில பூரா ராயகிரி ஊர்ல என் வீட்டுலதான் இருந்தேன் மேடம். கஸ்டமருங்களோட சாட். ஒரு நிமிசம் கேப் இல்ல, பாருங்க. ஒருத்தனக் கொல்லணும்னா கை சும்மா இருக்கணும்லா?"

பார்த்தாள். இடைவெளியே இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஒருவன் 'கூறுகெட்டவனே' என்று திட்டியிருந்தான்.

அதற்கும், 'நன்றி. வேறு உதவி தேவையா?'

சண்முகசுந்தரிக்கு உறுத்தியது. இந்த ஊரில் வசவுக்கு நன்றி சொல்லும் ஆள் இன்னும் பிறக்கவில்லை.

தன் போனை எடுத்தாள். அவன் எண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்.

'நீ மனுசனா?'

அவன் கை கிளாஸிலேயே இருந்தது.

பதில் வந்தது!

'இல்லை. நான் சாட்பாட். என் லைப்ரரியை எழுதியவர்: ஆனந்தகுமார், சங்கரன்கோவில்.'

இசக்கிராஜா கிளாஸைக் கீழே வைத்தான்.

"'நான் சாட்பாட்'ங்குத அந்த வரிய எடுத்தாத்தான் வாங்குவோம்னான் கம்பெனிக்காரன்... கேக்குதவன்கிட்ட பொய் சொல்லக்கூடாதுன்னு இவன் மறுத்துட்டான். ஆத்திரத்துல..."

"பொறவு நீரே எடுத்திருக்கலாமே?"

"எங்கன வச்சிருந்தான்னு தெரியல மேடம்."

"ஓப்பன் சோர்ஸ்னா எல்லாம் திறந்துதானவே கிடக்கும்?"

"அவ்வளவையும் யாரு மேடம் வாசிப்பா?"

சண்முகசுந்தரி விலங்கை எடுத்தாள்.

"கவலப்படாதீரும். உள்ள நிறைய நேரம் கிடைக்கும். பாளையங்கோட்டை ஜெயில்லயும் ஒரு லைப்ரரி இருக்கு."