மேற்குக் கட்டின் மணி

கம்பி அறுந்த மணி ஆடிக்கொண்டிருந்தது.

சமையலறை நடைச் சுவரில் தொங்கும் மணிகளில் அது கடைசி. அடியில் ‘குழந்தை அறை’ என்று எழுதியிருக்கும். அந்த அறையே இப்போது இல்லை. ஹெல்ம்ஸ்லோ மாளிகையைக் கட்டிக் காக்க முடியாமல், வினிஃப்ரெட் சீமாட்டி மேற்குக் கட்டை இடித்துக் கல்லாக விற்றுவிட்டாள்.

"காத்தா இருக்கும்மா," என்றாள் எட்னா, வீட்டுக்குக் கிளம்பத் தொப்பியை மாட்டியபடி. வேலையாட்கள் நிறைந்திருந்த வீட்டில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

"ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கே."

"அப்ப எலி. இந்த வீட்டு எலிக்குக்கூட மணியடிச்சு ஆள் கூப்பிடத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மூடுபனி ஜன்னலை அப்பிக்கொள்ள, அடுப்பில் கரி மெல்லச் சரிய, எட்னாவின் ஈரக் கம்பளி வாடை இன்னும் நடையில் தங்கியிருக்க, வினிஃப்ரெட் தேநீரை உதட்டருகே கொண்டுபோனபோது மணி அடித்தது.

அந்த ஒலியை அவள் கேட்டதே இல்லை. மாடியில் கயிற்றை இழுத்தால் கீழே வேலைக்காரர் நடையில்தான் ஒலிக்கும். பெரிய வீடுகளின் நாசூக்கு அது.

அவள் மகன் பெரி இழுத்த அன்றும் அப்படித்தான். விருந்துக்குக் கோமகன் வருகிறார். வேலையாட்கள் அனைவரும் வாசற்படியில் வரிசையாக நின்று வரவேற்பது வழக்கம். "ஆயாவும் வந்து நிக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் நமக்குத்தான் அசிங்கம்," என்றவள் இவள். மேலே ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். கோமகனின் வண்டி வரத் தாமதமானது. பிறகு போய்ப் பார்த்தபோது மணிக்கயிறு பெரியின் உயிரற்ற கையில் சுற்றியிருந்தது. எத்தனை முறை இழுத்தானோ என்று நினைக்காமல் அவள் ஒருநாளும் தூங்கியதில்லை.

மணி மறுபடி அடித்தது. நின்றது. அடித்தது. மூச்சு வாங்கி வாங்கி இழுப்பதுபோல.

"வரேன்டா கண்ணா. இதோ வந்துட்டேன்."

மாடிப்படி. இருட்டு. கற்பூரத் தைல வாடை. மேற்குக் கதவைத் திறந்தால் அந்தரம், விழுந்தால் எலும்பு மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை அவனைக் கூப்பிட விட்டுவிட்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. திறந்தாள்.

வெளியே பனி. தரை இல்லை. பனிக்குள், எதிலிருந்தும் தொங்காமல், சிவப்புக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, விருந்தாளி போயாச்சா?"

"போயாச்சுடா."

காலை எடுத்து வைத்தாள். பாதத்தில் கம்பளம் தட்டுப்பட்டது.

சின்னக் கட்டில். தலையணையில் குழிவு. தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. பிள்ளை இல்லை.

திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் சுவர். எங்கும் சுவர். மூச்சு வரவில்லை.

கயிறு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில்.

இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கீழே, ஆளில்லாத நடையில், மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இங்கே கேட்காது.