கத்தரிக்காய் என்ற பழைய சொல்

"நில்லு! பாஸ்வேர்ட்!"

பனிமூட்டத்துக்குள்ளிருந்து துப்பாக்கி முனைதான் முதலில் தெரிந்தது. அவள் ஆம்புலன்ஸை நிறுத்தினாள். இன்றைய சொல்... நாக்கு நுனியில் இருந்தது. வரவில்லை.

"வண்டி பூரா சிவப்புச் சிலுவைக் குறி போட்டிருக்கு. கண்ணு தெரியலையா?"

"பெயின்ட் யாரு வேணா வாங்கலாம். சொல்லுங்க."

எதிரிக்கும் இதே மொழி, இதே பனிக்கோட்டு. நேற்று பக்கத்துச் சாவடியில் இப்படி ஒரு வண்டியை விட்டுத்தான் மூன்று பேர் செத்தார்கள். காவலுக்கு நின்றவனின் விரல் விசைமேல் இருந்தது. அவள் அவன் கண்களைப் பார்த்தாள். இமைமுடிகளில் பனி உறைந்திருந்தது... அவளைவிடப் பயந்துபோயிருந்த கண்கள்.

"ஐயோ... ஏதோ காய்... கத்தரிக்காய்!"

துப்பாக்கி தாழ்ந்தது. சொற்களைத் தேர்ந்தெடுப்பவர் சார்ஜென்ட். டப்பா சாப்பாடு தின்று தின்று அவருக்குக் காய்கறி ஏக்கம்.

"சொல்லலைன்னா சுட்டிருப்பீங்களா?"

"சுட்டிருப்பேன். அதான் வேலை."

அவன் மன்னிப்பு கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. அதன்பின் தினமும் அவள் அன்றைய சொல்லை மட்டும் அவன் முகத்தில் வீசிவிட்டுப் போனாள். முள்ளங்கி. பீர்க்கங்காய்.

"ரோடு வழுக்கும், பாத்துப் போங்க."

"உங்க வேலையைப் பாருங்க."

ஆனால் வளைவு வரும்வரை கண்ணாடியில் அவனைத்தான் பார்ப்பாள். பிறகு தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஆண்டிறுதி விடுமுறை. சீட்டுக் குலுக்கியதில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சப் பேருக்கு ஆளுக்கொரு சாக்லேட். ஆளில்லாததால் அவளையும் காவலுக்கு நிறுத்தினார் சார்ஜென்ட்.

"இங்க நிப்பாரே... அவர் எங்க சார்?"

"காலையில ரோந்து போனான்மா. இன்னும் காணோம். வயர்லெஸ்ஸும் செத்துப்போச்சு. மத்தியானம் சொல் மாறிடுச்சு, சுரைக்காய். அதைச் சொல்லாதவன் எவனா இருந்தாலும் சுடு."

"ரோந்து போனவங்களுக்கு அது தெரியாதே சார்?"

அவர் துப்பாக்கியை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார்.

தூரத்தில் வெடிச்சத்தம். பிறகு எதுவுமில்லை. பூட்ஸுக்கடியில் பனி நொறுங்கும் ஓசை... ஒரே ஓர் உருவம்.

"நில்லு! பாஸ்வேர்ட்!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"...கத்தரிக்காய்."

கரகரத்த குரல். அவனா? யாராகவும் இருக்கலாம். பிடிபட்டவனை அடித்தால் பழைய சொல்லெல்லாம் வெளியே வந்துவிடும்.

"அது பழசு! சுட்டுடுவேன்!"

"பழசுதாங்க... உங்க குரலைக் கேட்டுத்தான் சொன்னேன். முத்திப்போச்சு. அப்புறம் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்?"



"யாருக்கு முத்திச்சு?"

"எனக்குத்தான். அன்னிக்கு அலறினீங்களே... அப்பவே."

துப்பாக்கியைத் தாழ்த்த நினைத்தாள். முடியவில்லை. விரல் விசையில் மரத்துப்போய் நின்றது.

"வா... மெதுவா வா. முன்னாடி நிக்காத. விரல் வரமாட்டேங்குது."

அவன் பக்கவாட்டில் வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். அவன் கையுறையில் ரத்தம்.

"என்னுது இல்ல. கூட வந்த ஒருத்தனுக்குக் கால்ல குண்டு. பள்ளத்துல படுக்க வெச்சிருக்கோம். வண்டி வேணும்."

சார்ஜென்ட் ஓடிவந்து காவலை வாங்கிக்கொண்டார். அவள் சாவியைத் திருகினாள்.

"சுட்டிருப்பியா?" என்றான், பக்கத்தில் ஏறியபடி.

"சுட்டிருப்பேன். அதான் வேலை." உதடு கோணியது. அழக் கூடாது... "அப்புறம், எனக்கும் முத்திடுச்சு. கதவைச் சாத்து. வழியைச் சொல்லு."