வலது ஆம்ப்ளிஃபயர்

ஜப்பானின் மொரியோகாவில் பனி கொட்டிக்கொண்டிருந்த மாலையில், கன்னோ தன் வால்வு ஆம்ப்ளிஃபயரை நெஞ்சோடு அணைத்தபடி தொயாமா வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார். அவ்வளவு கனம்.

இரண்டு நண்பர்களும் இளமையில் சேர்ந்து கட்டிய ஜோடி அது. இடது ஒலிக்கானது கன்னோவிடம், வலதுக்கானது தொயாமாவிடம். ஞாயிறுதோறும் கன்னோ தன்னுடையதைச் சுமந்து வருவார். யார் முதலில் போனாலும் ஜோடி மற்றவருக்கு என்று பேச்சு. தொயாமா போய்விட்டார்.

அவர் மனைவி யசுவே தேநீர் வைத்தாள்.

"அவரு பாட்டு கேட்ட அறையை நான் தொடவே இல்ல, கன்னோ சான். ஆனா பொழுது சாஞ்சா ஒரு வாசனை வருது."

சூடான வால்வில் தூசி கருகும் வாசனை. அந்த அறைக்குள் நுழைந்ததும் கன்னோவுக்கும் அடித்தது.

அடுத்தவர் வீட்டுக் கம்பிகளை விருந்தாளி தொடுவதில்லை, இணைப்பதெல்லாம் தொயாமாதான். இன்றுதான் கன்னோ முதன்முறையாகக் கம்பியைத் தடவிப் பார்த்தார். வலது ஸ்பீக்கரின் கம்பி வலது ஆம்ப்ளிஃபயருக்குப் போகவில்லை. இடது ஆம்ப்ளிஃபயரை வைக்கும் இடத்துக்கே வந்தது.

வலது ஆம்ப்ளிஃபயரின் திருகுகளைக் கழற்றினார். மேலே வால்வுகள் மட்டும் அப்படியே; பெட்டிக்குள் செங்கற்கள். அவற்றை எடுத்துத் தரையில் வைத்தார்.

"உள்ளே இருந்ததை எப்ப வித்தாரு?" என்று பின்னால் வந்து நின்ற யசுவேயிடம் கேட்டார்.

"மூணு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். 'கன்னோ காதுக்குத் தெரியாமலா இருக்கும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

மூன்று வருடம் கண்ணை மூடி உட்கார்ந்து, வலது பக்கம் எவ்வளவு தெளிவு என்று கன்னோ வியந்திருக்கிறார். தொயாமாவும் தலையாட்டியிருக்கிறார்.

யசுவே போன பிறகு, வலது கம்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். தன் இடதை மட்டும் இணைத்து இயக்கி, இசைத்தட்டில் முள்ளை வைத்தார். பியானோ இடப்பக்கம் எழுந்தது.

வலதும் பாடியது.

கம்பி தரையில் கிடந்தது. செங்கற்களும்.

காலிப் பெட்டியின் மேல் வால்வுகள் மெல்லச் சிவந்தன.

"இந்த இடதையாவது எங்கிட்ட விட்டுடு, தொயாமா," என்று கிசுகிசுத்தார்.

வலது ஓங்கியது. இடது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்கியது.

கன்னோ முள்ளைத் தூக்கினார். மின்கம்பியை உருவினார். தன் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு ஓடிவிட, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து முழு பலத்தோடு தூக்கினார்.

உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல, அது வெற்று அட்டைப்பெட்டியின் கனத்தில் எழும்பி வந்தது.

முதுகுக்குப் பின்னால், நின்றுபோன இசைத்தட்டின் பாட்டு, இடதும் வலதும் சேர்ந்து முழுமையாகத் தொடர்ந்தது.