கழுவிய கருத்து

படம் வெளிவர ஐந்து மாதம் இருக்கும்போதே ‘எண்ணூர் வேங்கை’ தோற்றுப்போயிருந்தது. முடியாத படம் எப்படித் தோற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே போய்விட்டது. ஊரில் எல்லார் காதிலும் மிளகளவுக்கு ஒரு காதுப்பொட்டு இருந்தது. பல் தேய்க்கும்போதும் பேருந்தில் தொங்கும்போதும், உலகம் எதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அது மெல்லிய குரலில் ஓதிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்து யோசிக்கிற தொல்லை மனிதர்களை விட்டு ஒழிந்தது.

முதலில் வேங்கையின் உடை கசிந்தது. கடலோரத்தில் பிறந்து, இரும்புக் கதவைக் கிழித்தெறியும் சாகச வீரனுக்குக் கோடு போட்ட பனியனா என்று ஊர் சிரித்தது. அப்புறம், உச்சக்காட்சியை மூன்று முறை எடுத்தார்கள் என்று ஒரு புரளி. ஒரே முறைதான் எடுத்தோம் என்று இயக்குநர் ஜெசிந்தா அறிக்கை விட்டாள். ‘இயக்குநர் பதறுகிறார்’ என்று காதுப்பொட்டு அதையும் சேர்த்து ஓதியது. படத்தைப் பார்க்காத கோடிப் பேர், முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை என்று பிசிறில்லாமல் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஜெசிந்தாவுக்கு இது ஆறு வருட உழைப்பு. காலைக் காட்சியில் கூட்டம் முகம் சுளித்தால் மாலைக் காட்சிக்கு வேறு படம் போட்டுவிடுவோம் என்று திரையரங்குக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இது விழுந்தால் அடுத்த படம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. ஆனால் அவள் கலங்கவில்லை. அவளுக்குப் படத்தின் மேல் நம்பிக்கை இருந்தது. இளம்பரிதியின் மேலும் நம்பிக்கை இருந்தது.

இளம்பரிதி அவளோடு கல்லூரியில் படித்தவன். மூளை நரம்புகளோடு மல்லுக்கட்டுவது அவன் தொழில். எதையும் இதோ முடிந்துவிட்டது என்கிற தோரணையில் பேசுவான், பெரும்பாலும் முடித்தும்விடுவான். அவன் செய்து வைத்திருந்த கருவிக்குச் செவிகழுவி என்று பெயர். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கூண்டு. உள்ளே நின்றதும் படத்தின் பெயரைச் சொல்லி, சுவரொட்டியைக் காட்டும். அதைப் பற்றி முன்பு கேட்டதும் பார்த்ததும் மூளையில் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் நரம்பு விழித்துக்கொள்ளும். கருவி அந்த இடங்களை மட்டும் தட்டித் தூங்கவைக்கும். சாயங்காலம் எல்லாம் தானாக விழித்துவிடும், ஆபத்தில்லை.

“புரளி இல்லாத மண்டையோட ஒருத்தன் உன் படத்தப் பாத்தா போதும், ஜெசி. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். வேற என்ன சொல்ல முடியும் அவனால?” என்றான்.

அதில் என்ன ஓட்டை இருக்க முடியும் என்று ஜெசிந்தாவுக்கும் தோன்றவில்லை.

வெளியீட்டு நாள் காலை, எண்ணூர் நெடுஞ்சாலைத் திரையரங்கில் அரங்கம் நிரம்பியது. பாதிப் பேர் கலாய்க்கவே வந்தவர்கள். கழுவிக்கொண்டால் நுழைவு இலவசம் என்றதும் ஒருவர் மிச்சமில்லாமல் காதுப்பொட்டைக் கழற்றிவிட்டுக் கூண்டுக்குள் போய் வந்தார்கள். வெளியே வந்த முகங்களைப் பார்த்து ஜெசிந்தாவுக்கு மனம் குளிர்ந்தது. இளிப்பு இல்லை, எகத்தாளம் இல்லை. குளித்துவிட்டு வந்த குழந்தைகள் மாதிரி இருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியில், புழுதித் தெருவில் ஒரு லாரி வந்து நிற்கிறது. கேமரா தரையோடு தரையாகக் கிடக்கிறது. லாரியிலிருந்து இரண்டு கால்கள் இறங்குகின்றன. அவை சமையல் எரிவாயு உருளை போடுகிறவருடைய கால்கள். அவர் கையிலிருந்து நழுவி உருளப்போகும் உருளையைக் காட்டத்தான் ஜெசிந்தா கேமராவைத் தரையில் வைத்திருந்தாள். அடுத்த காட்சியில் வேங்கை பாய்ந்து வந்து அந்த மனிதரைக் காப்பாற்றுவான்.

செவிகழுவி இந்தப் படத்தைப் பற்றிய எல்லாவற்றையும் தூங்கவைத்திருந்தது. கதாநாயகன் புதுமுகம் என்பதால் அவன் முகத்தையும் சேர்த்துத்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டு ரசிகனின் உடம்பில் ஊறிப்போன ஒன்று இருக்கிறதே, அதை எந்தக் கருவி தொடும்? திரையில் முகத்துக்கு முன்னால் கால் வந்தால் அது கதாநாயகன்தான். பின் வரிசையில் எவனோ ஒருவன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான்.

மறுத்துச் சொல்ல எவர் மண்டையிலும் ஒன்றுமே இல்லை. அரங்கம் மொத்தமும் எழுந்தது. காகிதம் பறந்தது. உருளைக்காரர் திரும்பி, “காலி சிலிண்டர் இருக்கா?” என்று கேட்டபோது கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைத்தட்டல். அதற்குப் பிறகு கோடு போட்ட உடையில் ஒருவன் மாடியிலிருந்து குதித்தான். வில்லன் வந்துட்டான்டா என்று கூட்டம் ஊளையிட்டது.

படத்தில் உருளைக்காரர் மூன்றே காட்சியில்தான் வருகிறார். அவர் எப்போது வருவார் என்று அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வேங்கை ஊரைக் காப்பாற்றிக் களைத்து விழும்போது ஒருவரும் அசையவில்லை. கடைசியில் இடிந்த தெருவில் அவர் மறுபடி வந்து, “காலி சிலிண்டர் இருக்கா?” என்று கேட்டதும் பெரிய பெரிய ஆட்கள் தேம்பி அழுதார்கள். ஜெசிந்தா சுவரோரம் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்தாள். சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

மத்தியானத்துக்குள் நாடு முழுவதும் காதுப்பொட்டுகள் அதை ஓதின. வதந்தி தொடாத, கழுவிய கருத்து! பலம் இல்லாதவனே உண்மையான வீரன் என்று சொல்ல வந்த காவியம்! தூங்கிய நரம்புகள் சாயங்காலம் விழித்தன. கோடு போட்டவன்தான் கதாநாயகன் என்று காலைக் காட்சிக்காரர்களுக்கு ஞாபகம் வந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குகிற ரசிகன் இன்னும் பிறக்கவில்லை. மாலைக் காட்சிக்குப் படம் மாறவில்லை. வரிசைதான் பாலம் வரை நீண்டது.

இளம்பரிதி இனிப்புப் பெட்டியோடு வந்தான். ஜெசிந்தா அதைத் திறக்கவில்லை.

“அவங்க பாத்தது என் படம் இல்ல, பரிதி.”

“ஜெயிச்சிடுச்சு இல்ல?”

“ஜெயிச்சிடுச்சு. ஆனா நல்லா இருக்கான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆறு வருஷம் ஆச்சு, அத ஒருத்தர் சொல்லிக் கேக்கணும் எனக்கு. நீ இன்னும் பாக்கலையே. கழுவிக்கிட்டு, தனியா உக்காந்து பாரு. கூட்டம் வேணாம், விசில் வேணாம்.”

அவன் உடனே ஒப்புக்கொண்டான். கூட்டத்தில்தான் கோளாறு, கருவியில் கோளாறே இல்லை, நான் சொல்லப்போவதுதான் உலகத்தின் முதல் சொந்தக் கருத்து என்று மார்தட்டிவிட்டுப் போனான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள், காலைக் காட்சிக் கூட்டம் கூடுவதற்கு முன்பே கூண்டில் கழுவிக்கொண்டு வந்த அவனுக்காகத் தனியாகப் படம் ஓடியது. நடு வரிசையில் அவன், அவனுக்குப் பின்னால் அவள். திரையில் கால்கள் இறங்கின. அவனுடைய இரண்டு விரல்கள் வாய்வரை போயின. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். காலி நாற்காலிகள். விரல்கள் மெல்ல இறங்கி மடிக்கு வந்தன.

அப்புறம் முழுப் படத்துக்கும் அப்படித்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் அவன் உதடு பாதி விரிந்து நின்றது. வேங்கை விழுந்தபோது கண் கலங்கலாமா என்று கேட்பவன்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தன் பக்கம் அவன் பார்வை வந்தபோதெல்லாம் ஜெசிந்தா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். இந்த ஒருத்தனையாவது கெடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு எரிந்தது.

“சொல்லு பரிதி. எப்படி இருக்கு?”

இளம்பரிதி வாயைத் திறந்தான். எதற்கும் தயங்காத அந்த மனிதன், தேர்வில் விடை தெரியாத மாணவன் மாதிரி நின்றான். கை தானாகக் காதுக்குப் போய் அங்கே பொட்டு இல்லாததைத் தடவிப் பார்த்தது.

“மத்தவங்க என்ன சொல்றாங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

எத்தனை நேரமானாலும் சரி, அவனாக ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். நல்லா இல்லை என்று சொன்னால்கூட அவன் காலில் விழுந்திருப்பாள்.

அப்போது வெளிக்கதவு திறந்தது. அடுத்த காட்சிக்கு நின்றிருந்த கூட்டம் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். படம் பிரமாதம் என்று ஒரு குரல் கேட்டது.

இளம்பரிதியின் முகம் தெளிந்தது. தோள் நிமிர்ந்தது. பழைய உறுதியெல்லாம் ஒன்றுவிடாமல் அவன் குரலுக்குத் திரும்பிவிட்டது.

“படம் பிரமாதம், ஜெசி,” என்றான். “யார் என்ன சொன்னாலும் சரி, இது என் சொந்தக் கருத்து.”