ஒரு முழ இடைவெளி

நிறுத்தி வைத்திருந்த ஆட்டத்தில் கணவாய் மீன் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

கொஞ்சம் என்றால் ஒரு விரற்கடை. ஹெட்மாஸ்டர் காபி எடுத்து வர எழுந்து போனபோது அதன் கண்கள் திரையின் நடுவிலிருந்த பாறைக்கு நேராக இருந்தன. திரும்பி வந்தால் பாறைக்குக் கீழே இருக்கின்றன. ஆட்டமோ 'நிறுத்தம்' என்று கொட்டை எழுத்தில் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றது. குமிழிகள் அந்தரத்தில் உறைந்திருந்தன. பாசி அசையவில்லை. கணவாய் மட்டும்தான் அசைந்திருக்கிறது.

"உனக்குமா ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்?" என்று திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் லெவல் டிசைனர். வாயைத் திறந்தால் யாரையாவது பெஞ்சு மேல் ஏற்றிவிட்டுத்தான் மூடுவார் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர் அது. அவரைப் பொறுத்தவரை விளையாடுகிறவன் சோம்பேறி, விளையாடிப் பார்த்துப் பிழை சொல்கிற டெஸ்டர் பயந்தாங்கொள்ளி. கணவாய் இரண்டு பேரையும் விடக் கேவலம்.

பின்னே என்ன? எந்த ஆட்டத்திலும் தண்ணீருக்கடியில் ஒரு லெவல் வைத்தால் அதில் ஒரு கணவாய் வந்து தொலைக்கும். வெளுத்த உடம்பு, முழித்த கண், ஈரத் துணி மாதிரி தொங்கும் பத்துக் கைகள். இவர் வரைந்ததற்குத் தெரிந்தது இரண்டே வித்தை. நீங்கள் அசையாமல் இருந்தால் மெல்ல இறங்கும். அசைந்தால் சாய்வாகப் பாயும். மூளை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரி புரோகிராம்.

அந்த இரண்டு வரியிலும் எவனோ ஒருவன் கோட்டை விட்டிருந்தான். தரைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் கணவாய் நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. முன்னோட்டமாக விளையாடக் கொடுத்த பயல்கள் இதை இரண்டே நாளில் மோப்பம் பிடித்துவிட்டார்கள். கணவாய் வந்தால் கடலடி மணலில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டியது. அது தலைக்கு மேல் தொங்கிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் நகர்ந்துவிடும்.

ஹெட்மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டிய லெவலில் படுத்துத் தப்பிப்பதா? மாலை ஐந்துக்குள் கடைசி வெர்ஷன் போய்ச் சேர வேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு முழத்தை எடுத்துவிட்டார். இனி அது தரை வரைக்கும் இறங்கும்.

"சார், நான் போட்ட பக்கை மூடிட்டீங்களா?"

டெஸ்டர் பெண் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பிழை கண்டால் ஒரு 'பக்' எழுதிப் போடுவது அவள் வேலை. அதைச் சரிசெய்வதோ, 'மறுபடி நிகழவில்லை' என்று எழுதி மூடுவதோ இவர் வேலை. மூடுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

"நிறுத்தி வெச்ச ஆட்டத்துல கணவாய் நகருதுன்னு பேய்க்கதை எழுதியிருந்தியே, அதுவா? பத்து வாட்டி பார்த்தேம்மா. நகரல. மூடிட்டேன்."

ஒரு வாட்டி கூடப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தார், நகர்ந்திருந்தது. அதை இவளிடம் சொல்வாரா?

"ரெண்டாவது பாராவைப் படிச்சீங்களா?"

"முதல் பாராலயே கொட்டாவி வந்துடுச்சு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் சார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. முதல்ல காது அடைச்சுது. அப்புறம் திரையில அது இல்ல. ரூம்ல இருந்துச்சு. நான் தரையில படுத்துட்டேன். என் தலைக்கு மேலயே நின்னுச்சு. ரொம்ப நேரம். அப்புறம் போயிடுச்சு."

"படுத்தது நீயா, ஆட்டத்துல உன் பொம்மையா?"

"நான்தான் சார்."

ஹெட்மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "தலகாணி வேணும்னா சொல்லும்மா, கம்பெனி செலவுல வாங்கிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. "அந்த ஒரு முழத்தை மட்டும் எடுத்துடாதீங்க சார். அது ஒண்ணுதான் நமக்கு இருக்கு."

"எடுக்கலம்மா தாயே. போய்ச் சாப்பிட்டுட்டு வா."

கூசாமல் சொன்னார். அவள் நம்பினாள். முகம் தெளிந்து, பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடியதும் 'அனுப்பு' பட்டனைத் தட்டினார். பச்சைக் கோடு நிதானமாக ஓடி முடிந்தது. அனுப்பப்பட்டது.

வெளியே மழை மூட்டம். ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டிருந்ததால் காலியான பதினாறு மேஜைகளும் திரையின் நீல வெளிச்சத்தில் பாறைகள் மாதிரி கிடந்தன. ஏசியின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், தண்ணீருக்குள் பானையை அமுக்குவது மாதிரி ஒரு 'ப்ளக்', நீண்ட இடைவெளி விட்டு மறுபடி ஒரு 'ப்ளக்', எங்கிருந்து என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. உப்பும் ஊறிப்போன கயிறும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஈரத் துடைப்பத்தை எங்காவது போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஒரு வேலைக்கு லாயக்கில்லாத கூட்டம் என்று முணுமுணுத்தார்.

போன் அடித்தது. மனைவி.

"எப்ப வர்றீங்க?"

"வேலை முடிஞ்சுது. அரை மணில கிளம்பிடுவேன்."

"என்னங்க, தண்ணித் தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு?"

"உன் போனை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது?"

"என் போன் நல்லாத்தான் இருக்கு. உங்க குரல்தான்..."

"வை."

வைத்த பிறகுதான் உறைத்தது. அவருடைய குரல் அவருக்கே தூரத்திலிருந்து கேட்டிருந்தது. காது அடைத்திருந்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். கொட்டாவி விட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு மெல்ல எழுந்து, முகத்துக்கு நேரே மிதந்தது. அதில் ஒட்டியிருந்த போட்டோவில் ஹெட்மாஸ்டர் யாரையோ ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையைப் பார்த்தார்.

பாறை இருந்தது. பாசி இருந்தது. கணவாய் இல்லை.

நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று தோன்றியது. பார்த்தார்.

கூரையிலிருந்த விளக்குச் சட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வரைந்த அதே அளவில் இல்லை. நான்கு மேஜைகளை மூடும் அகலம். வெளுப்பான தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்து நெளிந்து இடம் மாறியது. கண்கள் மட்டும் இம்மி பிசகாமல் அவர் வரைந்தவை. ஒரு சனிக்கிழமை அவசரமாக, இதற்கெல்லாம் இது போதும் என்று, இமை வைக்காமல் விட்ட கண்கள்.

இறங்கியது.

அசையாமல் இருந்தால் இறங்கும். அசைந்தால் பாயும். இரண்டே வித்தை. இவருக்குத் தெரியாததா? கதவு பன்னிரண்டு அடி தூரம். எழுந்து ஒரு எட்டு வைத்தார். காற்று தொடையைப் பிடித்து இழுத்தது. இரண்டாவது எட்டு. பக்கத்து நாற்காலி சத்தமில்லாமல் உருண்டது. சாய்வாக, தலைக்கு மேலே ஒரு வெள்ளை வீச்சு. ஒரு கையின் நுனி காதை உரசியது. காதில் வலி இல்லை. காதே இருக்கிற மாதிரி தெரியவில்லை.

இப்போது அது கதவுக்கும் அவருக்கும் நடுவில்.

ஹெட்மாஸ்டர் குப்புற விழுந்தார். கன்னம் கார்ப்பெட்டில் அழுந்தியது. கார்ப்பெட் சில்லென்று, மணல் மணலாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். மேலே அது இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி உயரம். முழங்கால் உயரம்.

முட்டாள் ஜென்மம், என்று நினைத்தார். நிற்பாய். ஒரு முழத்தில் நின்றே ஆகவேண்டும். உன்னைச் செய்தவன் நான். சலித்துப்போய் நகர்வாய். அப்புறம் எழுந்து உன்னை அழித்துவிட்டு...

மேஜைக்கு மேலே திரை வெளிச்சமாக இருந்தது. தலையைத் திருப்பாமலே அந்தப் பச்சைக் கோடு தெரிந்தது. அனுப்பப்பட்டது.

காலையில். முதல் வேலையாக.

முதுகில் சட்டை நனைந்தது.

வெளியே நடைபாதையில் செருப்புச் சத்தம். சாப்பிட்டுவிட்டு வருகிறாள். வராதே என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. பெரிய குமிழி. கணவாயின் கைகளுக்கு நடுவே புகுந்து, தொங்கும் நுனிகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் மேலே போனது.

கைப்பிடி திரும்பியது. கதவு திறந்து, பின்னால் தானாக மூடிக்கொண்டது.

அவள் பார்த்தாள். அலறவில்லை, ஓடவில்லை. பையை அப்படியே நழுவவிட்டு, சட்டென்று தரையில் குப்புறப் படுத்தாள். மேஜைக் கால்களுக்கு இடையில் அவள் முகம் அவருக்கு நேராக வந்தது. அதில் பயம் கொஞ்சம்தான். விரலை உதட்டில் வைத்து, 'அசையாதீங்க சார், இதுக்குக் கீழ வராது' என்று வாயசைத்தாள். அவருக்குத் தைரியம் சொல்ல லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

அவளுக்கு மேலேயும் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு முழம்.

ஒரு சாண்.