முந்தி வந்த படம்

"கையைத் தட்டும்" என்று சொல்வதற்காகச் சிவரூபன் தொலைபேசியை வாயருகே கொண்டுபோனபோதே, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பெரிய தொலைக்காட்சியில் அவன் மனைவி தயாளினி கையைத் தட்டிவிட்டாள்.

அவசரக்காரி என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, படமும் ஒலியும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வழக்கம்போலச் சொன்னான். தொலைபேசிக்குள் அவள், "ஓம், இந்தா" என்றாள். அதற்குப் பிறகுதான் தட்டும் சத்தம் அவன் காதில் விழுந்தது. திரையிலோ அவள் கைகளைத் தொங்கவிட்டபடி சும்மா நின்றிருந்தாள்.

நெல்லியடிக்கு வெளியே, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே நின்ற அந்தக் கல்யாண மண்டபத்தில் அவர்கள் இருவரையும் தவிர யாருமில்லை. விடிந்தால் கல்யாணம். தாலி கட்டுவதை முற்றத்துக்கு அப்பாலுள்ள சாப்பாட்டு மண்டபத்தில் இருப்பவர்களும் பார்க்கவேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் நிற்கும் கமராவின் படத்தையும் ஒலியையும் ஒரு சின்னப் பெட்டி வாங்கி நெட்வேர்க் கேபிளில் அனுப்பும்; சிவரூபன் நின்ற சாப்பாட்டு மண்டபத்தில் இன்னொரு பெட்டி அதை எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும். கலியாணம், பெருநாள், திருவிழா என்று புருசனும் பெண்சாதியுமாக எத்தனையோ இடங்களில் செய்த வேலை. படம் ஒரு கண்சிமிட்டும் நேரம் பிந்தி வருவதுண்டு. முந்தி வந்ததில்லை.

வெளியே மாரிமழை தகரத்தாழ்வாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பொழுதுபட்டு, முற்றத்துத் தண்ணீரும் வானமும் ஒரே ஈய நிறமாகி, நனைந்த சாக்கின் மணமும் பழைய சாம்பார் அண்டாக்களின் புளிப்பும் கலந்து அந்த நீண்ட அறை முழுவதும் கிடந்தது. சிவரூபன் கேபிளின் நுனியை வெட்டி, வயர்களை நிற வரிசையில் பிடித்து, புதிய முனை போட்டு இறுக்கினான். இரண்டு பெட்டிகளையும் நிறுத்திப் போட்டார்கள். பச்சை வெளிச்சம் ஒழுங்காக மினுங்கியது.

திரையில் தயாளினி பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். சூடு பட்டு உதட்டைச் சுளித்தாள்.

"தேத்தண்ணி சுட்டதோ?" என்று கேட்டான்.

"நான் இன்னும் பிளாஸ்க்கைத் திறக்கேல்லையே" என்றாள் அவள். "நல்லகாலம் ஞாபகப்படுத்தினீங்கள். பொறுங்கோ, ஒரு வாய் குடிச்சிட்டு வாறன்."

சற்று நேரத்தில் மூடி திருகும் சத்தமும், பிறகு "ஸ்ஸ்" என்று அவள் உதட்டைச் சுளிக்கும் சத்தமும் தொலைபேசியில் வந்தன.

பெட்டியில்தான் பிழை என்று மனதுக்குச் சொன்னான். அதைக் கழற்றி, பைக்குள் இருந்த மாற்றுப் பெட்டியை எடுத்துப் பூட்டினான். அவளை மேடையில் மாப்பிள்ளை பொம்பிளை இருக்கும் இடத்தில் போய் நிற்கச் சொன்னான். அவள் படியேறுவது தொலைபேசியில் கேட்டது.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒலியும் இல்லை. ஒலியை முழுதாகக் கூட்டினான். ஒரு இரைச்சல் மட்டும், யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவதுபோல.

பிறகு படம் வந்தது.

மேடையில் யாருமில்லை. மேடைக்குக் கீழே, சீமெந்துத் தரையில், தயாளினி குப்புறக் கிடந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. ஒரு கை எக்ஸ்டென்சன் வயரின் மேல்.

அசைவில்லை.

"தயா."

"ஓம், நிக்கிறன். படம் வந்திட்டுதோ?"

குரலில் சிரிப்பு இருந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை.

கரண்ட். அந்த ஒரு சொல்தான் அவனுக்குள் ஓடியது. மழை, ஈரத் தரை, அந்த வயர். "கீழ இறங்காதையும். ஒண்டையும் தொடாதையும். அதிலையே நில்லும், நான் வாறன்" என்றான். அவள் ஏனென்று கேட்பதற்குள் மழையில் இறங்கிவிட்டான். முழங்கால்வரை சேறு தெறித்தது. மேடை மண்டபத்துக்குத் தனி மெயின் சுவிட்ச். வாசலுக்கு வெளியே சுவரில் இருந்தது. திறந்த வாசலால் அவளைக் கண்டான். வெளிச்சத்தில், உயரத்தில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி, முழுதாக.

சுவிட்சை இழுத்து விழுத்தினான்.

இருட்டு. மேடை போனது. அவள் போனாள். இனிப் பயமில்லை என்று மூச்சு விட்டான்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்த அழுகை தொடங்கியது.

சாப்பாட்டு மண்டபத்தில் தொலைக்காட்சி இன்னும் எரிந்தது. மேடைப் பக்கத்துப் பெட்டி செத்துக்கிடக்க, அங்கே படம் ஓடிக்கொண்டிருந்தது. நீல வெளிச்சம் மழைத் தாரைகளில் துடித்தது. முழு ஒலியில், ஒரு ஆண்குரல் குழறி அழுதது.

அவனுடைய குரல்.

"தயா... ஐயோ, நான் ஏன் லைற்றை நூத்தனான்..."

விளங்கியது. கரண்ட் அல்ல; அவன் அணைத்த வெளிச்சம், இந்த இருட்டுத்தான். கை சுவிட்சுக்குப் பாய்ந்தது. ஈரம். விரல் வழுக்கியது. மறுபடியும். வழுக்கியது.

"இஞ்சாருங்கோ." இருட்டுக்குள்ளிருந்து தயாளினி. சிரிப்பில்லாத குரல். "என்ன நடந்தது? ஏன் அழுறியள்?"

"அது நானில்லை" என்று கத்தினான். "அசையாதையும், தயா, அது நானில்லை."

அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. முற்றம் முழுவதையும் அந்த மற்றக் குரல் நிறைத்திருந்தது. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, நெஞ்சு வெடிக்க அவளைக் கூப்பிட்டது.

"பயப்பிடாதேங்கோ. நான் வாறன்."

மேடைப் பலகையில் செருப்புச் சத்தம். ஓடத் தொடங்கியது. அவனை நோக்கி அல்ல. அந்தக் குரலை நோக்கி.