மூக்குத் துளை

கன்னம் நான்கு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

களிமண் காயக் காயச் சுருங்கும் என்பது தாராவியில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால், நேற்று சுற்றிய ஈரத்துணி இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, நெற்றியும் தாடையும் அளவு மாறாமலிருக்க, கன்னங்கள் மட்டும் உள்ளே போவதை சஃப்ரீன் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. வளைந்த கால்களுள்ள காலிப்பரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்து அளந்து பார்த்தாள்.

ஆறு.

களிமண் தலை பிச்சையாவுடையது. அவள் மாமா இனாயத்துல்லாவின் தோல்பைப் பட்டறையில் முப்பது வருஷமாகத் தோல் வெட்டுகிறவர், ஆஸ்துமாக்காரர். சிற்பம் படிக்கும் சஃப்ரீனுக்காக ஐந்து நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தார். அசையாதிருந்தது உடம்பு மட்டும்தான். நெஞ்சுக்குள் இழுப்பு நிற்காமல் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை தலை கல்லூரிச் சூளைக்கூடத்துக்குப் போய்க் காயத் தொடங்கியாக வேண்டும்; போகாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று.

நேற்று மாலை ஆறு மணிக்குத் தலையின் உச்சியைக் கம்பியால் அறுத்து, உள்ளேயிருந்த மண்ணை விரல் கனம் மிஞ்சும்வரை சுரண்டியெடுத்து, உச்சியைச் சேறு தடவித் திரும்ப ஒட்டினாள். அத்தோடு மூக்குத் துளைகளை உள்வரைக்கும் ஊசியால் குத்திவிட வேண்டும். அடைபட்ட காற்றுக்கு வழி இல்லையென்றால் தலை சூளையில் வெடிக்கும். அவள் குத்தவில்லை. இரண்டு நாள் பாடுபட்ட மூக்கு பிய்ந்துவிடுமோ என்ற பயம்.

"மூக்கு அடைச்சில்லா இருக்கு, பிள்ள," என்றார் பிச்சையா, தன் தலையைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு. "எனக்கு இருக்கதே அரை மூச்சு. அதையும் பூட்டிராத."

"நாளைக்குத் தொறக்கேன் அண்ணாச்சி. மூக்கு எங்கயும் ஓடிராது."

இன்று காலை மாமாதான் பிச்சையாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சந்துக்குள் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால், போகும்போது ஷட்டரை இறக்கி, அடியில் வெளிப்பக்கம் சாக்குகளை அடைத்து, மேலே இருந்த கம்பி போட்ட காற்றுத் துவாரத்தையும் நீலத் தார்ப்பாயால் மூடி, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே கிடந்த தோல்கட்டுகள் நனையக் கூடாது. உள்ளே வேலையாயிருந்த மருமகளும் நனைய மாட்டாள் என்பது கூடுதல் லாபம்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. பதனிட்ட தோலின் வாடை, ஒட்டுப்பசையின் தலைசுற்றும் நெடி, ஈரமண்ணின் குளிர்ந்த வாசனை எல்லாம் ஒரே பல்பின் கீழ் தேங்கி நின்றன. அவள் துணியை மறுபடி சுற்றப்போனாள். மழைச் சத்தத்துக்கு அடியில், மிக மெல்லியதாக, வேறொரு சத்தம்.

ஹார்மோனியம்.

சுவரில் காது வைத்தாள். சுவரில் இல்லை. களிமண் நெற்றியில் காது வைத்தாள்.

போன் அடித்தபோது ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டாள். மாமா.

"அண்ணாச்சி எப்படி இருக்காக மாமா?"

"ஆக்ஸிஜன் வச்சும் ஏறமாட்டேங்கு. நேத்து ஆறு மணிக்குப் பிடிச்ச இழுப்பாம். டாக்டரு தலையச் சொறிதாரு."

"ஆறு மணியா?"

"ஆமா. நான் இப்ப வர முடியாது பாத்துக்க. தொண்ணூறடி ரோட்டுல இடுப்பளவு தண்ணி. ரொட்டி இருக்கு, தின்னுட்டு கிட."

"கட் பண்ணாதீங்க மாமா. அண்ணாச்சி பக்கத்துலயே நில்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீள ஊசியை எடுத்தாள். கன்னங்கள் இப்போது பல்லோடு ஒட்டிக்கொண்டவை போலிருந்தன. அவள் அந்த வாய்க்குப் பல்லே வைத்திருக்கவில்லை. வலது துளையில் குத்தினாள். இடது துளையில் குத்தினாள்.

விசில் போல ஒரு சத்தம். காற்று உள்ளே போனது. கன்னங்கள் எழும்பின.

"ஏய், மூச்சு விடுதாரு," என்றது போன். "சஃப்ரீனு, கண்ணு முழிச்சிட்டாரு. தண்ணி கேக்காரு."

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். மூக்கும் பிய்யவில்லை.

விசில் நிற்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த பாலிதீன் பைகள் ஒவ்வொன்றாகத் தலையைப் பார்த்துத் திரும்பின. காலண்டர் தாள் எழும்பி நின்றது. அவள் துப்பட்டாவின் நுனி தானாக முன்னால் நகர்ந்தது. காது அடைத்தது. ஷட்டருக்கு ஓடித் தூக்கிப் பார்த்தாள். பூட்டு. கையால் அடித்தாள். மழை அதைவிட ஓங்கி அடித்தது. மேலே காற்றுத் துவாரத்தில், தார்ப்பாய் கம்பிகளுக்கிடையே உள்ளே பிதுங்கி இறுகிக்கொண்டது.

திரும்பி வந்து இரண்டு துளைகளிலும் விரலை வைத்து அழுத்தினாள்.

விசில் நின்றது.

"மறுபடி இழுக்குது," என்றார் மாமா. "நர்ஸ், நர்ஸ், இங்க வாங்க. பிச்சையா, என்னைப் பாருய்யா. நீலம் பாரிச்சிட்டே..."

விரல் நுனியைக் குளிர்ந்த உதடு மாதிரி ஏதோ பிடித்துக்கொண்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

எடுத்துவிட்டாள்.

"அப்பாடி. இந்தா, சிரிக்காரு. உன்னைத்தான் கேக்காரு, பிள்ள எங்கனு."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்த காற்றும் போனது.

ஷட்டர் தகடு முனகியது. அதன் இரண்டு பக்கமும், மெதுவாக, ஒரே அளவாக, கன்னங்களைப் போல உள்ளே ஒடுங்கின.

தலை இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட வெளியே விடவில்லை.